சிறுநீர்க் குழாயோடு வீடு திரும்பியவரைக் கவனிப்பது எப்படி?

பக்கவாதம், புராஸ்டேட் வீக்கம், இடுப்பெலும்பு முறிவு என ஏதோ ஒரு காரணத்தால் குழாயும் பையுமாகப் பெரியவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். குழாயைப் போடுவதும் மாற்றுவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. வீட்டில் முயல வேண்டாம். அதற்குப் பிறகு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவற்றை நாம் தடுக்கலாம்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: போட்ட தேதி, குழாயின் நம்பர், லேடெக்ஸா சிலிகானா, உள்ளே இருக்கும் பலூனில் எத்தனை மில்லி நீர். நம்பரை மூன்றால் வகுத்தால் குழாயின் தடிமன் மில்லிமீட்டரில் கிடைக்கும். 16ஆம் நம்பர் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுமேல். பெரிய குழாய்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது உள்ளே உறுத்தும். முழு சிலிகான் குழாய் 12 வாரம் வரை தாங்கும். லேடெக்ஸை அதைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டும். தேதியை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பைக்குள் பலூன் உப்பியிருப்பதால்தான் குழாய் வெளியே நழுவாமல் நிற்கிறது. பலூனோடு இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழியும். ஆகவே தொடையில் கொஞ்சம் தளர்வு விட்டு, குழாயை டேப் போட்டு ஒட்டுங்கள். புரண்டு படுத்தாலும் இழுபடக் கூடாது. ஒட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றினால் தோல் புண்ணாகாது.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். கட்டிலில் இதைச் சரியாகச் செய்பவர்களும் ஆட்டோவில் ஏற்றும்போது பையை நோயாளியின் மடியில் வைத்துவிடுகிறார்கள். பையிலுள்ள சிறுநீர் கிருமிகளோடு உள்ளே திரும்ப அந்தச் சில நிமிடங்களே போதும்.

முக்கால் பை நிரம்பும்வரை காத்திருக்காமல் காலி செய்யுங்கள். முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அடியிலிருக்கும் திறப்பின் நுனி பாத்திரத்தில் படக் கூடாது. குழாயும் பையும் சேருமிடத்தைக் காரணமில்லாமல் கழற்றாதீர்கள். கிருமி நுழைய அதுவே வாசல்.

சுத்தம் செய்யத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம். குழாயை உடலருகே பிடித்துக்கொண்டு, உடலிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. ஆண்களுக்கு முன்தோலைப் பின்னே தள்ளிக் கழுவினால் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே விட்டால் இறுகி வீங்கிவிடும். பவுடர் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸைக் கெடுக்கும்.

இதயம், சிறுநீரகம் காரணமாக மருத்துவர் தடுக்காதவரை தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள்.

சிறுநீர் வராவிட்டால் முதலில் பாருங்கள்: குழாய் மடங்கியிருக்கிறதா, தொடைக்கடியில் நசுங்கியிருக்கிறதா, பை மேலே இருக்கிறதா. மலச்சிக்கலும் அடைக்கும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. குழாயின் ஓரமாகக் கசிந்தால் அடைப்போ சிறுநீர்ப்பைச் சுருக்கமோ காரணமாயிருக்கலாம். தடித்த குழாய் கேட்டு ஓடாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் சொட்டுகூட வராமல் அடிவயிறு உப்பி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குளிர்காய்ச்சல், கட்டிகட்டியாக ரத்தம், குழாய் கழன்றுவிழுதல், வயதானவருக்குத் திடீர்க் குழப்பம் ஆகியவற்றுக்கும் அதே வேகம் தேவை.

சிறுநீர் கலங்கலாகத் தெரிந்ததும் மருந்துக் கடைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். குழாய் ஒரு மாதம் இருந்தாலே அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும்; காய்ச்சலோ வலியோ இல்லாதபோது பொதுவாக அதற்கு மருந்து தேவையில்லை.

கிருமித் தொற்றைத் தடுக்கச் சிறந்த வழி, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவதே. ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் “இன்னும் இது வேண்டுமா, எடுத்துவிடலாமா?” என்று நீங்களாகவே கேளுங்கள்.