இறுகிய நிலத்தை உழவு யந்திர வாளியால் அகழ்தல்

வவுனியா, அநுராதபுரம் முதலிய வரண்ட வலயப் பகுதிகளிற் காணப்படும் செங்கபில மண், காய்ந்தால் மிகவும் இறுகும். அதிகம் நனைந்தால் ஒட்டும். உழவு யந்திரத்தின் முன்புறத்திற் பொருத்தப்படும் வாளி, இளகிய மண்ணை அள்ளுதற்கே ஏற்றது. இறுகிய நிலத்தில் அதனை வேகமாக மோதினால், வாளியைத் தாங்கும் புயங்கள் வளையலாம், முன்னச்சும் பழுதடையலாம்.

ஆகவே கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. மழைக்குப் பின், மண் அளவான ஈரமாயுள்ளபோது, கொத்துக் கலப்பையால் முதலில் நிலத்தை இளக்குக.

2. வாளியின் விளிம்பைச் சிறிதே கீழ்நோக்கிச் சரித்து, மெதுவாக நேரே செலுத்தி, மெல்லிய படையாக அள்ளுக. வாளி மண்ணுட் புதைந்திருக்க யந்திரத்தைத் திருப்பலாகாது.

3. யந்திரத்தின் பின்புறத்திற் போதிய பாரம் பொருத்துக.

4. நிறைந்த வாளியைத் தாழ்த்தியே கொண்டுசெல்க. உயர்த்தியவாறு சரிவிற் செலுத்தினால் யந்திரம் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேரலாம்.

5. உயர்த்திய வாளியின் கீழ் எவரும் நிற்கலாகாது.