தோட்டத்துப் போட்டோக்காரருக்குச் சில குறிப்புகள்

போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுவா, லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, பாலர் பள்ளி விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்காக எழுதியது இது. எந்தப் பொத்தான் எதற்கு என்பதை யூடியூப் சொல்லிவிடும். நம் ஊர் ஈரத்தையும் நம் ஊர் ஆட்களையும் பற்றி அது சொல்வதில்லை.

1. இங்கே லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் நாடு இது. 60-ஐத் தாண்டினாலே கண்ணாடிக்குள் பூஞ்சை வேர்விடத் தொடங்கலாம். உபகரணங்களை 40-க்கும் 50-க்கும் இடையில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மின்சார உலர்பெட்டி வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். முடியாதவர்களுக்கு, ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மானி ஒன்று, இந்த மூன்றும் போதும். நிறம் மாறும் ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். ஈரம் குடித்துப் பச்சையானதும் அடுப்புப் பெட்டியில் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகிவிடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அதைச் சமையல் பாத்திரத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வைத்தியத்தில் ஈரம் போகிறதோ இல்லையோ, மாவுத்தூள் உள்ளே போய்விடும். எல்லாவற்றையும்விட மோசம், லென்ஸை அதன் தோல் உறையோடு துணி அலமாரியில் அடைத்து வைப்பது.

2. ஏர்கோன் போட்ட காரிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வெளியே வந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். கண்ணாடி வியர்த்துவிடும். பையை மூடியபடியே இருபது நிமிடமாவது வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறக்கவும். அவசரப்பட்டுச் சட்டைத் துணியால் துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

3. நம் கடிகாரம் சொல்லும் பன்னிரண்டு மணி சூரியனுக்குப் பன்னிரண்டு மணி இல்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தைக் கிரீன்விச்சைவிட எட்டு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணியை ஒட்டி. மாதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும். பதினொன்றிலிருந்து மூன்று வரை வெட்டவெளியில் நிற்க வைத்தால் எல்லோருக்கும் கண்குழியில் கருநிழல் விழும். குடும்பப் படத்தை ஒன்பதரைக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஐந்து மணிக்குத் தள்ளிப்போட வேண்டும். போர்ட்டிக்சன் கடற்கரையில் மணமக்களை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூரியன் கடலில் இறங்கிய பிறகு நம் பக்கம் அந்தி நீளாது, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். ஆறு மணிக்கே அங்கே இருந்தால்தான் பிழைத்தீர்கள். "வந்துட்டோம் அண்ணே, லுக்குட் தாண்டிட்டோம்" என்று ஏழு மணிக்குப் போன் வந்தால், அன்றைக்கு ஃபிளாஷ் படம்தான்.

4. தோட்டத்து வரிசை வீட்டில் ஆளை எடுக்க நல்ல இடம் முன்தாழ்வாரமான அஞ்சடி. மேலே தகரக் கூரை வெயிலை மறைக்கும், கீழே சிமெண்டுத் தரை வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி அனுப்பும். ஆளைத் தெருப்பக்கம் பார்த்து உட்கார வையுங்கள். தரை சிவப்புச் சாயம் பூசியதாக இருந்தால் அந்தச் சிவப்பு கழுத்தில் ஏறும். காலடியில் வெள்ளை மணிலா அட்டையோ துவைத்த வேட்டியோ விரித்தால் சரியாகிவிடும்.

5. ரப்பர் மரத்தடியிலும் செம்பனைக்குள்ளும் எடுத்தால் முகம் பச்சை அடிக்கும். கேமராவின் தானியங்கி நிறத்தை நம்ப வேண்டாம். அந்த நிழலிலேயே வெள்ளைத்தாளைக் காட்டி நிறத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரங்கள் செம்பழுப்பாகி இலை கொட்டும். வெட்டுக்காரர்களுக்குப் பால் குறையும் காலம் அது. நமக்கோ ஆண்டிலேயே அழகான வெளிச்சம் அப்போதுதான். சருகு நிறைந்த வரிசைக்குள் ஒரு முறை எடுத்துப் பாருங்கள், பூங்காவுக்குப் போவதை நிறுத்திவிடுவீர்கள். இப்போது ரப்பர் நிற்கும் இடமே குறைந்துவிட்டது, எங்கே மிச்சம் இருக்கிறது என்பதைப் பழைய வெட்டுக்காரர்களிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

6. தோட்டம் கம்பெனிச் சொத்து. ஆபீசில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். அன்றைக்கு எந்தப் பகுதியில் குலை வெட்டுகிறார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேளுங்கள். பத்துப் பதினைந்து கிலோவுக்குக் குறையாத குலை மேலிருந்து விழுகிற இடத்தில் பட்டுச்சேலைப் பெண்ணை நிறுத்தலாமா? மட்டை முள் சேலையையும் கிழிக்கும், காலையும் கிழிக்கும். பூட்ஸ் போடுங்கள், கொசு மருந்து பூசுங்கள்.

7. ட்ரோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிப்பாங் விமான நிலையம் நமக்குத் தொலைவில் இல்லை. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி விதிகளைப் படிக்காமல் மேலே அனுப்ப வேண்டாம்.

8. கோயில் திருவிழாவுக்கு முதல் நாளே போய்த் தலைவரையும் பூசாரியையும் பார்த்துவிடுங்கள். கருவறையை எடுக்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். அதற்கு வெளியே எது வரை போகலாம் என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். தோல் வாரையும் தோல் பையையும் வீட்டில் வைத்துவிட்டு நைலான் வாரோடு போங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சாமி வந்து ஆடுகிறவர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. தீமிதியில் குழிக்குப் பக்கத்தில் நின்று லென்ஸ் மாற்றினால் சாம்பல் நேராகச் சென்சாரில் போய் உட்காரும். நீள லென்ஸைப் போட்டுக்கொண்டு, ஆள் ஏறி வருகிற முனையில், பால் குழிக்கு அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கள். பயம், வலி, நிம்மதி எல்லாம் குழியைத் தாண்டிய அந்த இரண்டு மூன்று அடியில்தான் முகத்தில் தெரியும்.

9. கல்யாணத்தில் தாலித் தட்டு ஆசிக்காகச் சபையைச் சுற்றி வருகிற நேரம்தான் உங்களுக்கு மிஞ்சும் கடைசி அவகாசம். பேட்டரி, கார்டு மாற்றுவதெல்லாம் அப்போதே. கெட்டிமேளம் எழும்பியதும் சபை முழுக்க எழுந்து நிற்கும், எல்லோர் கையிலும் போன் உயரும், அட்சதை பறக்கும். சின்ன ஸ்டூல் ஒன்று கொண்டுபோங்கள். உதவிக்கு ஒரு தம்பி இருந்தால் அவரை மணமக்களுக்குப் பின்பக்கம் நிறுத்துங்கள். மீதி முடிச்சை மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ போடுவது பல வீட்டு வழக்கம். முன்னால் நிற்பவருக்கு அவள் கை தெரியாது. ஆல்பம் வந்ததும் அவள் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான்.

10. மண்டபத்து எல்இடி விளக்கில் படத்தில் கோடு கோடாக விழுந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மேடையில் ஊதா விளக்கைப் போட்டு வைப்பவர்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. சடங்கு முடியும் வரை அணைத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் அணைப்பார்கள்.

11. வெளிச்சத்தை முகத்துக்கு அளந்து வையுங்கள். பட்டு வேட்டிக்கும் சரிகைக்கும் அளந்தால் மாநிறமும் கறுப்பும் இருட்டில் போய்விடும். அதற்குப் பரிகாரமாக ஆளைக் கணினியில் வெள்ளையாக்குவது நம் தொழிலில் பரவிவிட்ட கெட்ட பழக்கம். கேட்கிறார்கள், செய்கிறோம் என்பார்கள். சரியாக வெளிச்சம் போட்டு எடுத்த படத்தை முதலில் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அப்புறம் கேட்பதில்லை.

12. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அங்கிருக்கும் வயதானவர்களைத் தனித்தனியாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஆர்டரில் இல்லாவிட்டாலும் சரி. ஒருவர் இறந்த வீட்டில் மாலை போடப் படம் தேடும்போது கிடைப்பது அடையாள அட்டை (ஐ.சி.) படமும், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிற கல்யாணப் படமும்தான். அதைப் பெரிதாக்கிக் கொடு என்று இராத்திரி பதினொன்றுக்கு உங்களிடம்தான் வருவார்கள். பாட்டிகள் சுலபத்தில் உட்கார மாட்டார்கள். "எனக்கு எதுக்குப்பா போட்டோ, போய்ப் பொண்ண எடு" என்பார்கள். "பேரனுக்கு அனுப்பணும் பாட்டி, கேட்டிருக்கான்" என்று சொல்லிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, மறுபடி போடலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் மடியில் வைத்துக்கொண்டு நிமிர்வார்கள். போடாமல் ஒன்று, போட்டு ஒன்று என இரண்டும் எடுத்துவிடுங்கள். கையும் தெரியட்டும். முப்பது நாற்பது வருஷம் கத்தி பிடித்த கை அது.

13. பழைய படத்தைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தால், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியில் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, வெளிக்கண்ணாடியைத் துடைத்து, இருபுறமிருந்தும் சாய்வாக வெளிச்சம் கொடுத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேலிருந்து எடுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெரியும். சிவப்பு ஐ.சி., பழைய பிறப்புப் பத்திரம் போன்றவற்றையும் அப்போதே எடுத்துக் கொடுத்தால் குடும்பத்துக்கு உதவும். ஆனால் அந்தப் படங்களை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டாம், கொடுத்த கையோடு அழித்துவிடுங்கள்.

14. எடுத்த படத்துக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில். இடி மின்னல் அதிகமுள்ள ஊரில் வன்தட்டை எப்போதும் சுவரில் செருகியே வைத்திருக்க வேண்டாம். சிரம்பானில் அக்கா இருந்தால் ஒரு பிரதி அங்கே இருக்கட்டும். ஆல்பம் கைமாறும் வரை கார்டை அழிக்க வேண்டாம்.

15. பணப் பேச்சை வாயோடு விடாதீர்கள். தேதி, இடம், எத்தனை மணி நேரம், எத்தனை படம், முன்பணம் எத்தனை வெள்ளி, மீதி எப்போது, இவ்வளவையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, "சரி" என்று பதில் வந்த பிறகு நாளைக் குறியுங்கள். சொந்தக்காரருக்குத்தான் இது முக்கியமாகச் செய்ய வேண்டியது. மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு இலவசமாகச் செய்வதென்றால் முழுதாக இலவசமாகச் செய்யுங்கள். பாதி விலை பேசினால் பணமும் வராது, பேச்சும் மிஞ்சும். மீதிப் பணம் வந்த பிறகே ஆல்பம். வாங்க வராமல் கிடக்கும் ஆல்பங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு, எனவே அச்சுச் செலவாவது முன்பணத்தில் அடங்கியிருக்க வேண்டும்.

16. நான் எடுத்த படம் எனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 26ஆம் பிரிவில் வேறு மாதிரிச் சொல்கிறது. கூலி பேசி எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போய்விடும். மாதிரிப் படமாக உங்கள் இணையப் பக்கத்தில் போட விரும்பினால் 15ஆம் குறிப்பில் சொன்ன அந்தச் செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வயதுக்கு வந்த பிள்ளையின் சடங்குப் படங்களை எழுத்தில் அனுமதி இருந்தாலும் போட வேண்டாம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகும்.

17. தொழில் தொடங்கி 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழில் பெயர் வைத்தால் 60. பள்ளிக்கூடங்களும் கம்பெனிகளும் பதிவு எண் இல்லாமல் பில்லை எடுப்பதில்லை. சுயதொழில் செய்பவர்களுக்கென்று 2017இல் தனிச் சட்டம் வந்து, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாதுகாப்பு கிடைக்கிறது. இராத்திரி விசேஷம் முடிந்து செம்பனை ஓரச் சாலையில் மோட்டாரில் வீடு திரும்புகிறவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஊழியர் சேமநிதியில் நாமாகக் கட்டும் ஐ-சாரான் திட்டத்தில் அரசும் தன் பங்காகக் கொஞ்சம் சேர்க்கிறது. வருமானவரிப் பாரம் பி-க்கு ஜூன் 30 கெடு. லென்ஸ், பெட்ரோல், அச்சு ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் எண்ணெய் நிலையத்து ரசீது இந்தச் சூட்டில் சில மாதங்களிலேயே வெள்ளைத்தாளாகிவிடும், வாங்கிய அன்றைக்கே அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.