போன் கிடைக்காத நேரத்தில் பெயர்ப் பட்டியல் போய்ச் சேர: பாக்கெட் ரேடியோ ஓர் அறிமுகம்



பட்டாசு ஆலையில் விபத்து என்று கேள்விப்பட்டதும் நம் பகுதியில் எல்லார் கையும் போனுக்குத்தான் போகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் அழைத்தால் யாருக்கும் இணைப்பு கிடைக்காது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. இம்மாதிரி விபத்துகளில் காயம்பட்டவர்களைச் சிவகாசிக்கும் மதுரைக்குமாகப் பிரித்துக் கொண்டு போகிறார்கள். குடும்பத்தார் கேட்பது இரண்டே கேள்வி: எங்கள் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில்? என்ன குரூப் ரத்தம் வேண்டும்? இதற்குப் பதில் நான்கு வரிதான். அந்த நான்கு வரியைக் கடத்த ஒரு வழி உண்டு.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ பெண்மணி, தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமானில் இருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து தம் சொந்த வானொலிக் கருவியால் அவர் நிலப்பகுதியோடு பேசினார். உறவினரைத் தேடியவர்களின் விசாரிப்புகள் அந்த வழியாகப் போயின, வந்தன. அது வாய்ப்பேச்சு. இரைச்சலில் ‘மைதீன்’ என்பது ‘மொய்தீன்’ ஆகலாம், பாசிட்டிவ் நெகட்டிவ் ஆகலாம். ஒரு பெயருக்கு அது பொறுக்கும், முப்பது பெயருக்குப் பொறுக்காது.

பாக்கெட் ரேடியோ என்பது அதே கருவியில் குரலுக்குப் பதில் எழுத்தை அனுப்புவது. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ததை மென்பொருள் இரண்டு சுருதிகளாக (1,200 ஹெர்ட்ஸ், 2,200 ஹெர்ட்ஸ்) மாற்றுகிறது. வானொலி அந்த ஓசையைச் சுமந்து போகிறது. செய்தி முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பாமல், 256 பைட்டுக்கு மிகாத பொட்டலங்களாக வெட்டி அனுப்புவார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புபவர், பெறுபவர் அழைப்புக்குறிகள் இருக்கும். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். எண் பொருந்தாத பொட்டலத்தை மறுமுனை ஏற்காது. அது மறுபடி அனுப்பப்படும். ஆகவே வந்து சேர்ந்தது, அனுப்பியதேதான். ஹவாய் பல்கலைக்கழகம் 1971இல் தீவுகளுக்கிடையே செய்துகாட்டிய யோசனையை, 1978இல் கனடாவின் மாண்ட்ரியல் நகர அமெச்சூர்கள் தங்கள் அலைவரிசைக்குக் கொண்டுவந்தார்கள்.

வேகம் நொடிக்கு 1,200 பிட். இன்றைய போனோடு ஒப்பிட்டால் மாட்டுவண்டிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முப்பது பேர், ஒருவருக்கு 40 எழுத்து என்றால் 9,600 பிட், அதாவது 8 நொடி. மேலுறை, இடைவெளி, பதில் எல்லாம் சேர்ந்து இன்னும் கொஞ்சம் ஆகும், அவ்வளவுதான். தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 முதல் 6 பைட் பிடிப்பதால் பெயர்களை ஆங்கில எழுத்தில் அனுப்புவது நல்லது.

கருவிகள் பெரிதல்ல: 144–146 மெகாஹெர்ட்ஸ் வானொலி, மாடியில் ஓர் ஆண்டெனா, பழைய லேப்டாப், இணைப்பு வயர், 12 வோல்ட் பேட்டரி. முன்பு தனிப்பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. இப்போது ‘டயர் வுல்ஃப்’ என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. இந்த அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவதால், உயரமான ஓரிடத்தில் கேட்டதைத் திருப்பி அனுப்பும் நிலையம் ஒன்று வேண்டும். பள்ளியின் மினாரா உயரமாயிற்றே என்று சிலர் சொல்வார்கள். இடிதாங்கியும் ஜமாஅத் அனுமதியும் உரிமத்தில் அந்த முகவரியும் இல்லாமல் அங்கே ஒரு கம்பியும் ஏறக்கூடாது.

ஆலைப் பக்கம் இந்தக் கருவியைக் கொண்டு போகவே கூடாது. வானொலி அலை மின்சாரத் திரிகளைப் பற்றவைக்கக் கூடிய ஆபத்து உண்டு. ஆண்டெனா இடியையும் இழுக்கும். நிலையங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமும் நம் தெருவிலும் இருந்தால் போதும்.

ஹாம் அலைவரிசையில் ரகசியக் குறியீடு கிடையாது. அனுப்புவதை யாரும் படிக்கலாம். ஆகவே நோயாளியின் பெயர், இடம், ரத்தக் குரூப் தவிர வேறெதுவும் போகக்கூடாது. பெண்களின் காயவிவரம் ஊரெல்லாம் உலவுவதை எந்தக் குடும்பம் விரும்பும்? மேலும், மற்றவருக்காகச் செய்தி கடத்துவதைச் சாதாரண நாளில் விதி அனுமதிப்பதில்லை. இயற்கைப் பேரிடரில் வழக்கமான தொடர்பு அறுந்தால் இடம் தருகிறது. எனவே மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டிப் பேசாமல் இதில் இறங்கலாகாது.

கருவி வாங்குவதற்கு முன் உரிமம். ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கி உரிமமின்றிப் பேசுவது குற்றம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு நடத்துகிறது. 12 வயது நிரம்பியவர் எழுதலாம். வானொலி அடிப்படையும் சட்டவிதிகளும் பாடம். எந்த முறையில் அனுப்பலாம் என்பது சான்றிதழின் தரத்தைப் பொறுத்தது. எழுத்துச் செய்தி அனுப்ப நினைப்பவர்கள் பொதுத் தரத்தையே குறிவைக்கட்டும், அதற்கு மோர்ஸ் தேர்வும் உண்டு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். பெண் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன்; அந்தமானில் கருவியின் முன் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண். சேர விரும்புவோர் பெயரையும் வயதையும் இம்மாதம் டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். ஐந்து பேர் சேர்ந்தால் ஞாயிறு அஸருக்குப் பிறகு வகுப்பைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.