ஆறு பேர், ஒரு நோட்டு, ஒரு மணி நேரம்

கொரோனா காலத்துக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் வகுப்பு, ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள் என்பது அப்போதைய ஏற்பாடு. பள்ளி ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பில் கேட்கலாம். திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ தனியாக மையம் நடத்துகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பயிற்சிக் கூட்டங்கள் உண்டுதான். ஆனால் ஐம்பது பேர் கூடும் இடத்தில் நாலைந்து பேர்தான் வாய் திறப்பார்கள். அதனால் அக்கம்பக்கத்தில் மாலை வகுப்பு எடுக்கிறவர்கள் தங்களுக்குள் சின்னக் குழுவாகக் கூடிப் பேசுவது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். அதை நடத்தும் முறை இது.

முதலில் ஆட்களைச் சேருங்கள். ஐந்து அல்லது ஆறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் கூட்டத்துக்குள் கூட்டம் முளைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஆளுக்கொரு முறை அவரவர் மையத்தில், வட்டமாகத் தரையில் உட்காருங்கள். நேரம் பார்த்து நடத்தும் பொறுப்பும் முறை வைத்து மாறட்டும். உங்கள் வேலையை மதிப்பிடும் அதிகாரி அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. அவர் முன்னால் யாரும் தன் சிரமத்தை மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு அமர்வுக்கு ஒருவர், ஒரே ஒரு சிக்கல். "பசங்க கணக்குல வீக்" என்று பொதுவாகச் சொன்னால் பேச்சு எங்கும் போகாது. பிள்ளையின் நோட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். பெயர் எழுதிய அட்டையை மூடிவிடுங்கள், பேச்சிலும் பெயர் வேண்டாம். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள். இங்கே பேசியது மறுநாள் குழாயடியில் பிள்ளையின் அம்மா காதுக்குப் போனால், பிள்ளை மையத்துக்கு வருவதே நின்றுவிடும்.

நான்காம் வகுப்புப் பிள்ளையின் நோட்டு ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது. கொண்டுவந்தவர் 10 நிமிடம் பேசட்டும்: பிள்ளை எப்படி உட்காருகிறது, எந்தக் கணக்கைத் தயங்காமல் போடுகிறது, எங்கே நிற்கிறது. "கவனமில்லை", "சோம்பேறி" என்ற சொற்கள் வேண்டாம்; கண்ணால் பார்த்தது மட்டும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1965-ல் தொடங்கிய ப்ராஸ்பெக்ட் பள்ளியில் பட்ரீசியா கரினியும் சக ஆசிரியர்களும் ஒரு குழந்தையைப் பற்றிக் கூடிப் பேசும் முறையை இப்படித்தான் வளர்த்தார்கள். தீர்ப்பைத் தள்ளிவைத்து, முதலில் விவரிப்பது.

அடுத்த 10 நிமிடம் கேள்விகள் மட்டும். யோசனை சொல்ல எல்லோருக்கும் நாக்கு துடிக்கும். நடத்துகிறவர் கறாராகத் தடுக்க வேண்டும். "இப்படிச் செய்து பார்த்தீங்களா?" என்பதும் யோசனைதான், அதையும் விடாதீர்கள். "வேற கழித்தல் கணக்கு இருக்கா அக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். பக்கத்தைப் புரட்டினால் 40-லிருந்து 18 போக 38 என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெரிகிறது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது பிள்ளை. அதற்கென்று ஒரு விதி இருக்கிறது, அதைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறது. கவனக்குறைவு என்று திட்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இனி 20 நிமிடம் மற்றவர்கள் பேசுவார்கள், கொண்டுவந்தவர் வாயே திறக்காமல் குறித்துக்கொள்வார். வழக்கமாக விட்டுப்போவது இந்தக் கட்டம்தான். பேச விட்டால் ஒவ்வொரு யோசனைக்கும் "அதையெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்" என்ற பதில் வரும், குழுவும் சோர்ந்துவிடும். பதில் சொல்லும் கடமை இல்லாதபோதுதான் காது திறக்கிறது. கூச்சப்படுகிறவர்களுக்காக முதல் 2 நிமிடம் எல்லோரும் தாளில் எழுதிவிட்டு, வரிசையாக ஒரு சுற்றுப் பேசுங்கள். அதற்குப் பிறகு யாரும் யாரோடும் பேசலாம்.

கடைசியில் கொண்டுவந்தவர் ஒரே ஒரு யோசனையைத் தேர்ந்தெடுக்கட்டும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 5 கட்டும் 2 குச்சியும் பிள்ளையிடம் கொடுத்து "27 குச்சி எனக்குக் கொடு" என்று கேட்பது நல்ல தேர்வு. ஒரு கட்டைப் பிரிக்காமல் கொடுக்க முடியாது என்பதைக் கையே கண்டுபிடித்துவிடும். கடன் வாங்குவதை அப்புறம் நோட்டில் காட்டலாம்.

ஒன்றை மட்டும் குழுவுக்குக் கொண்டுவரவே கூடாது. பிள்ளை பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்கலாம் என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சனிக்கிழமை வரை காத்திராமல் அன்றே தெரிவியுங்கள்; குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் உடனே அழைக்கலாம்.

அடுத்த அமர்வின் முதல் 5 நிமிடம் போன முறை கொண்டுவந்தவருக்கு. குச்சி கொடுத்தபோது பிள்ளை என்ன செய்தது, எந்த இடத்தில் கை நின்றது என்று அவர் சொல்லட்டும். பலிக்கவில்லை என்றாலும் அதை அப்படியே குழு நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு, அடுத்தவர் கொண்டுவந்த நோட்டைத் திறங்கள்.