சுவரில் ஓர் எண்ணெய்க் கறை

கலை இயக்கத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, செட்டுகளிலேயே வயதானவன் நான். இந்த வருஷம் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. வசனத்தைக் கையால் மறைத்துக்கொண்டு காட்சியைப் படியுங்கள். அந்த அறையில் யார் எங்கே உட்காருவார், எந்தப் பொருளை யார் கை அடிக்கடி தொடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். சாமான் வாங்கக் கடைக்குப் போவது அதற்கு அப்புறம்தான்.

2. என் முதல் படத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீடு. சுவருக்குப் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். என் குரு வந்து திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷமா இங்க சாஞ்சவரோட தலை எங்கப்பா?" என்றார். தேங்காயெண்ணெயைத் துணியில் தோய்த்து, நடிகரின் தலை படும் இடத்தில் கறை ஏற்றினோம். கதையில் அந்தப் பெரியவர் போன பிறகு காமிரா அந்தக் கறை மேல் கொஞ்ச நேரம் நின்றது. சாவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

3. சத்யஜித் ராயின் 'சாருலதா'வை (1964) ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பெரிய வீடு, பேச்சுத்துணை இல்லாத பெண். ஜன்னல் ஜன்னலாகப் போய், கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரால் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். கணவன் பூபதி புத்தகத்தில் கண்ணைப் பதித்தபடி அவளைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறான். அவனையும் அதே பைனாகுலரால் பார்க்கிறாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். தெருவில் போகிற அந்நியனும் புருஷனும் ஒரே கண்ணாடிக்குள் வந்துவிட்டார்கள். இதை வசனத்தில் எழுதிப் பாருங்கள், எத்தனை பக்கம் ஆகிறதென்று.

4. வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பதை அந்த வீடுதான் சொல்ல வேண்டும். ராயின் 'அபராஜிதோ'வுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் போட்டார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. அப்படிப்பட்ட வீட்டில் ஒளி மேலிருந்துதான் இறங்கும், நிழல் அழுத்தமாக விழாது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே துணி கட்டி, விளக்குகளை அதில் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படம் பிடித்தார். இன்று நாம் தெர்மக்கோல் பிடிப்பதும் அதே வேலைக்குத்தான்.

5. சிவப்பென்றால் கோபம், வெள்ளையென்றால் சோகம் என்று பட்டியல் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். ஒரு நிறம் முதலில் யாரோடு வந்தது, மறுபடி எப்போது வருகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

6. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டுக்குள் தனியாக நடந்து பார்ப்பார். பேச்சில்லை, இளையராஜாவின் இசை மட்டும். சுவர்கள் இனிமேல்தான் வீடாக வேண்டும். உள்ளே நடக்கிறவருக்கோ காலம் முடிந்துகொண்டிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

7. 'ஷாட் ரெடி' என்று குரல் வரும் முன் பிரேமின் நாலு மூலையையும் பாருங்கள். சுவரில் தினக் காலண்டர் இருக்கிறதா? அந்த வீட்டில் தாள் கிழிப்பவர் யார் என்று கேளுங்கள். அது மனைவி என்றால், அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தால், போன தேதியிலேயே விட்டுவிடுங்கள்.