'அக்ரிகேட்' என்றால் எவ்வளவு?

எனது கடையின் காப்புறுதிப் பத்திரத்தில், வெள்ள நட்டத்துக்கு ஒரு தடவைக்கு 5 இலட்சம் ரூபா என்றிருந்தது. அதன் கீழே 'அக்ரிகேட்' 8 இலட்சம் என்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரே வருடத்தில் இரு தடவை வெள்ளம் புகுந்தது. முதலில் 5 இலட்சம் கிடைத்தது. அடுத்த தடவையும் அதேயளவு நட்டம். கிடைத்ததோ 3 இலட்சம்தான்.

லத்தீன் மொழியில் மந்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இச்சொல். தனித்தனியானவை ஒன்றுசேர்ந்த மொத்தம் என்பதே கருத்து. கொங்கிரீட்டில் சேரும் மணலும் கல்லும் அக்ரிகேட். கணக்கில் கூட்டுத்தொகை அக்ரிகேட். காப்புறுதியிலோ, ஒப்பந்தக் காலத்தின் எல்லா நட்டஈடுகளுக்கும் சேர்த்து விதித்த உச்ச வரம்பு.

வியாபார நண்பர்களே, கையொப்பமிடுமுன் இச்சொல்லைத் தேடுங்கள். அதற்கு எதிரேயுள்ள தொகைதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முழுத்தொகை.