தைத்த போர்வையைத் துவைத்துக் கொடுக்கலாமா?



போன மாதக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: "மக குழந்தைக்குப் பழைய சேலையில போர்வை தைச்சிருக்கேன். துவைச்சா தைச்ச களையே போயிடாதா மேடம்?" களை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனாலும் துவைத்தே கொடுங்கள்.

தைக்கும்போது நம் கை வியர்வை, சாக்பீஸ் கோடு, திண்ணைத் தூசி எல்லாம் அதில் ஏறியிருக்கும். பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியது. புதுத்துணி சேர்த்திருந்தால் கஞ்சியும் இருக்கும்.

சாயம்தான் பெரிய வம்பு. என் அண்ணன் குழந்தைக்கு நானே புது சிவப்புத் துணியில் கரை வைத்துத் தைத்து, துவைக்காமல் கொடுத்தேன். முதல் அலசலிலேயே வெள்ளை முழுக்கச் சிவப்பு. அண்ணி ஒண்ணும் சொல்லலை, அதுதான் சங்கடம். வெட்டும் முன்பே ஒவ்வொரு துணியையும் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பாதீர்கள். புதுப் பருத்தி சுருங்குவதும் இப்படி நனைத்துக் காயவைக்கும்போதே தெரிந்துவிடும்.

தைத்து முடித்ததும் குண்டூசி ஏதும் தங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சமாகச் சோப்புப் போட்டு நன்றாக அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். உள் அடுக்கு லேசில் காயாது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை வாடை வரும். திருப்பித் திருப்பி வெயிலில் போடுங்கள். எங்கே தையல் விட்டிருக்கிறது என்பது துவைத்த பிறகுதான் கண்ணில் படும். அதையும் தைத்துவிட்டு மடித்து வையுங்கள்.